முதலில் கண், பிறகு கேமரா

சுற்றுலா சென்று திரும்பியவரைக் கண்டால் நாம் முதலில் கேட்பது என்ன? ‘என்னென்ன பார்த்தாய்?’ என்று கேட்பதுதான் முன்னாள் வழக்கம் என்று என் தாத்தா சொல்வார். இன்றோ ‘படம் எடுத்தாயா? காட்டு!’ என்றுதான் கேட்கிறோம். பார்த்ததற்குச் சாட்சி படம் என்றாகிவிட்டது. படம் இல்லையென்றால் போனதே பொய் என்பதுபோலத் தோழிகள் பார்க்கிறார்கள். இது சரிதானா என்று நான் சில மாதங்களாக யோசித்து வருகிறேன். யோசிக்க வைத்தது சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு சென்ற இராமேஸ்வரச் சுற்றுலா. அதில் எனக்கு நேர்ந்ததை ஒளிக்காமல் எழுதி, என் கருத்தையும் உங்கள் முன் வைக்கிறேன்.

எங்கள் பள்ளியில் சுற்றுலாவுக்குக் கைப்பேசி கொண்டுவர அனுமதி இல்லை. கேமரா கொண்டுவரலாம். நான் சித்தப்பாவிடம் கெஞ்சி அவருடைய டிஜிட்டல் கேமராவை வாங்கிக்கொண்டேன். கழுத்தில் அதை மாட்டியதும் எனக்கு ஒரு பெருமை. இரண்டே நாளில் நான் எடுத்த படங்கள் எத்தனை தெரியுமா? 412! வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினேன். “இது என்ன சுவர்டி?” என்று அம்மா கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. “இந்த அம்மா யார்?” தெரியவில்லை. “இது இராமேஸ்வரமா, பாம்பனா?” அதுவும் தெரியவில்லை. நானே எடுத்த படங்கள், ஆனால் யாரோ ஒருவர் எடுத்தவைபோல எனக்கே அந்நியமாக இருந்தன.

பாம்பன் பாலத்தின் கதை இன்னும் வேடிக்கை. 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த ரயில் பாலம் கடல்மேல் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து தூக்கப்படும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். 2022 டிசம்பரோடு அதில் ரயில் ஓடுவது நின்றது. பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. நாங்கள் போனது 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் வழியாக. பஸ் மெதுவாகப் போயிற்று. நான் ஜன்னல் கண்ணாடி வழியாகப் படம் எடுத்துத் தள்ளினேன். 37 படங்கள்! வீட்டில் வந்து பார்த்தால் பாலம் எங்கே? கண்ணாடியில் தெரிந்த என் இரட்டைச் சடையும் பக்கத்துத் தோழியின் சிவப்பு ரிப்பனும்தான் இருந்தன. கேமராவை மடியில் வைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்திருந்தால் பாலமாவது மனத்தில் நின்றிருக்கும்.

இப்போது என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1964ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் தாத்தா நண்பர்களோடு தனுஷ்கோடிக்குப் போயிருக்கிறார். அப்போது அவருக்கு எனக்கு இன்றுள்ள வயது. அந்நாளில் தனுஷ்கோடி ஒரு சிறு ஊர் மட்டும் அன்று. சென்னை எழும்பூரிலிருந்து போட் மெயில் ரயில் அங்கே வந்து சேரும். பயணிகள் ரயிலைவிட்டு இறங்கிக் கப்பல் ஏறி, இலங்கையின் தலைமன்னாருக்குப் போவார்கள். ஸ்டேஷன், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், ஆலயம் எல்லாம் இருந்த ஊர். தாத்தாவின் கையில் இரவல் வாங்கிய பெட்டிக் கேமரா ஒன்று. ஒரு பிலிம் சுருளில் எட்டே எட்டுப் படங்கள்தாம் எடுக்க முடியும்.

அந்த எட்டில் இரண்டில் வெளிச்சம் புகுந்து வெறும் வெள்ளைதான் விழுந்திருக்கிறது. ஐந்தில் தாத்தாவின் நண்பர்கள் விதவிதமாக நிற்கிறார்கள். ஒன்றே ஒன்றில்தான் ஸ்டேஷன் தெரிகிறது. அதிலும் நடுவில் நண்பர்கள் மூவர் தோள்மேல் கை போட்டு நிற்க, ஒரு நீண்ட சுவரும், கூடைகளோடு சில மனிதர்களும் ஓரத்தில் மங்கலாகத் தெரிகின்றனர். “ஊரை ஏன் தாத்தா எடுக்கவில்லை?” என்று கேட்டேன். “ஊர் எங்கே போய்விடும், அடுத்த லீவில் வந்தால் போயிற்று என்று நினைத்தேன் அம்மா” என்றார்.

ஊர் போய்விட்டது. அதே 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் ஊரை நெருங்கும் வேளையில் கடல் அதை வாரிக்கொண்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிறகு அரசாங்கம் அவ்விடத்தை மக்கள் வாழத் தகுதியற்றது என்று அறிவித்துவிட்டது. தாத்தா எடுத்த அந்த ஒரு படத்தின் ஓரத்தில் மட்டும் ஸ்டேஷன் சுவர் இன்றும் முழுதாக நிற்கிறது.

நான் புறப்படும்போது தாத்தா அந்தப் படத்தை என் கையில் கொடுத்தார். “இதே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து வா” என்றார். நான் அதை என் செப நூலுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

2017ஆம் ஆண்டிலிருந்து தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் நல்ல தார்ச்சாலை இருக்கிறது. அதற்கு முன் மணலிலும் தண்ணீரிலும் வேன்கள் தத்தித் தத்திப் போகுமாம். சாலையின் ஒரு பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கிறது. மறு பக்கத்துக் கடலோ ஓயாமல் இரைகிறது. அமைதியானதைப் பெண் கடல் என்றும், இரைவதை ஆண் கடல் என்றும் அங்குள்ளோர் சொல்கிறார்கள். எங்கள் பஸ்ஸில் எழுந்த கூச்சலைக் கேட்டிருந்தால் பெயரை மாற்றி வைத்திருப்பார்கள்!

கூரையில்லாத ஆலயத்துக்கு முதலில் போனோம். பவளப் பாறைக் கல்லால் கட்டிய சுவர்கள் மட்டும் நிற்கின்றன. பீடம் இருந்த மேட்டின்மேல் ஏறி ஒரு குடும்பம் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. நானும் கேமராவைத் தூக்கினேன். எங்களோடு வந்த அருட்சகோதரி, “பிள்ளைகளே, இது மக்கள் திருப்பலி கண்ட இடம். முதலில் ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். பிறகு படம் எடுக்கலாம்” என்றார்கள். மனத்துக்குள் முணுமுணுத்துக்கொண்டே நின்றேன். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில்தான் சுவரின் துளைகளுக்குள் காற்று புகுந்து எழுப்பும் ஓசையைக் கேட்டேன். கல்லில் சிப்பியின் உருவம்போல ஒன்று பதிந்திருப்பதைக் கண்டேன். இரண்டு நாளில் நான் உண்மையாகப் பார்த்தது அந்த ஒரு நிமிடத்தில்தான் என்று இப்போது தோன்றுகிறது. 412 படங்களில் எந்தப் படத்தைக் கேட்டாலும் தடுமாறுகிற நான், அந்தக் கல்லை மட்டும் கண்ணை மூடிக்கொண்டே வரைந்து காட்டுவேன்.

இது என் அனுபவம் மட்டும் அன்று. லிண்டா ஹென்கெல் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர், 2014இல் வெளியிட்ட ஆய்வுக்காகச் சிலரை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றார். சில பொருள்களைப் பார்க்க மட்டும் சொன்னார், சிலவற்றைப் படம் எடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்த பொருள்களைவிடப் பார்த்த பொருள்களே அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தன. ‘கேமரா பார்த்துக்கொள்ளும்’ என்று மனம் ஓய்ந்துவிடுகிறது போலும். ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது நினைவு அவ்வாறு குறையவில்லை. எனவே குற்றம் கேமராவின்மேல் இல்லை. எதை எடுக்கிறோம் என்று எண்ணாமல் பொத்தானை அமுக்கும் நம் விரலின்மேல்தான்.

ஆலயத்துக்கு அப்பால் சில கீற்றுக் குடிசைகள். மீனவக் குடும்பங்கள் அங்கே சங்கு, சிப்பி மாலைகள் விற்கின்றன. ஒரு குடிசை வாசலில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று மண்ணில் உட்கார்ந்து நண்டோடு விளையாடிக்கொண்டிருந்தது. மேலே சட்டை இல்லை, தலையெல்லாம் மணல். ‘ஆகா, எவ்வளவு இயற்கையான காட்சி!’ என்று நான் மூன்று படங்கள் எடுத்தேன். உள்ளேயிருந்து குழந்தையின் தாய் விரைந்து வந்தார்.

“ஏம் புள்ள, எம் பிள்ளைக்குச் சட்டை போடுற வரைக்கும் ஒனக்குப் பொறுக்கலையா? இந்தக் கோலத்துல எடுத்துட்டுப் போயி யாருகிட்ட காட்டப் போறே?” என்றார்.

எனக்கு நா எழவில்லை. யாரிடம் காட்டப் போகிறேன்? தோழிகளிடம். எதற்கு? ‘பாவம்’ என்று அவர்கள் சொல்வதற்கு. என் தம்பியை அந்தக் கோலத்தில் ஒருவர் படம் எடுத்தால் என் அம்மா சும்மா விடுவார்களா? அருட்சகோதரி என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டு, அவர் எதிரிலேயே மூன்று படங்களையும் அழித்தேன். அவர் கோபம் தணிந்து சிரித்துவிட்டார். குழந்தைக்கு முகம் கழுவி, நீலச் சட்டை போட்டு, தலை சீவி நிறுத்தி, “இப்ப எடு” என்றார். அந்தப் படத்தில் குழந்தை நேராக நம்மைப் பார்க்கிறது. ‘கேட்டு எடுத்தால் படத்தில் இயற்கை போய்விடும்’ என்று என் தோழி ஒருத்தி வாதாடுகிறாள். முன்னதில் இருந்தது என் இஷ்டம், பின்னதில் இருப்பது அந்தத் தாயின் இஷ்டம். எது உயர்ந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

பிறகு அந்தத் தாய், கடையில் மாலை கோத்துக்கொண்டிருந்த தம் மாமியாரைக் காட்டி, “எங்க ஆத்தாவையும் ஒண்ணு எடு” என்றார். நான் அருகில் அமர்ந்து, செப நூலுக்குள் இருந்த தாத்தாவின் படத்தை எடுத்து, “இந்த இடம் எங்கே பாட்டி இருக்கிறது?” என்று கேட்டேன்.

பாட்டி அதை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். நடுவில் நின்ற மூன்று நண்பர்களை அவர் பார்க்கவே இல்லை. விரல் ஓரத்துக்குப் போயிற்று. “இந்தச் சொவத்துக்கிட்டதான் எங்கய்யா மீன் கூடை எறக்குவாரு” என்றார். புயல் வந்தபோது பாட்டிக்கு எட்டு வயது. கிறிஸ்துமசுக்குப் புதுத்துணி வாங்க அம்மாவோடு இராமேஸ்வரம் போனவர் பிழைத்தார். அப்பா திரும்பவில்லை. அப்பாவின் படம் ஒன்றும் இல்லை. கூடைகளோடு நிற்கும் மனிதர்களை அவர் ஒவ்வொருவராக நெடுநேரம் பார்த்தார். “மொகம் தெரியலையே தாயி” என்றார்.

தாத்தா நண்பர்களின் முகத்தைத் தெளிவாக எடுத்திருந்தார். ஓரத்தில் நின்றவர்கள் மங்கிவிட்டார்கள். அது தாத்தாவின் குற்றமா? இல்லை. ஆனால் நாம் படம் எடுக்கும்போது ஓரத்தில் விட்டுவிடுகிறவர்கள் யாரோ ஒருவருக்கு நடுவில் இருக்க வேண்டியவர்கள் என்பதை அன்று உணர்ந்தேன்.

“எங்கய்யா இதுல இல்லாம இருக்கலாம். அவரு நின்ன சொவரு இருக்கு. எனக்கு ஒண்ணு தருவியா?” என்று பாட்டி கேட்டார். “கண்டிப்பாக அனுப்புகிறேன் பாட்டி” என்றேன். மருமகள் சிரித்தார். “வர்றவுக எல்லாரும் அப்படித்தான் சொல்றாக. ஒரு படமும் வந்ததில்ல” என்றார். இராமேஸ்வரத்தில் வேன் ஓட்டும் பேரனின் விலாசத்தை என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வீடு திரும்பினேன். பரீட்சை வந்தது. விடுமுறை வந்தது. 412 படங்களைப் பார்த்து ஓய்ந்தேன். விலாசம் எழுதிய நோட்டு மேசையின் அடியில் போயிற்று. மூன்று மாதம்! ஒருநாள் சனிக்கிழமை நோட்டுகளை அடுக்கும்போது அது கையில் கிடைத்தது. ‘ஒரு படமும் வந்ததில்லை’ என்ற குரல் காதில் ஒலித்தது. வெட்கத்தோடு ஸ்டுடியோவுக்கு ஓடி, பாட்டியின் படத்தையும் நீலச் சட்டைக் குழந்தையின் படத்தையும் பிரிண்ட் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஏதோ பெரிய தருமம் செய்துவிட்டதுபோல மனம் நிறைந்தது.

பத்து நாள் கழித்துப் பேரன் அப்பாவுக்குப் போன் செய்தார். “படம் வந்துச்சு சார், ரொம்ப சந்தோசம். ஆத்தா ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது. அந்த ஸ்டேசன் படம் வரலையான்னு.”

தோழியரே, எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நான் எடுத்த படங்களை அனுப்பினேன். அவர் கேட்ட படத்தை மறந்தேன். அனுப்பும்போதுகூட என் கேமராவின் பெருமைதான் என் மனத்தில் முன்னால் நின்றது. தாத்தா என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலையிலேயே குடையை எடுத்துக்கொண்டு தாமே ஸ்டுடியோவுக்குப் போனார். நடுவில் இருக்கும் நண்பர்களை விட்டுவிட்டு, ஓரத்துச் சுவரையும் மனிதர்களையும் மட்டும் பெரிதாக்கித் தரச் சொன்னார். “முகம் தெளியாது சார்” என்றாராம் ஸ்டுடியோக்காரர். “தெளிய வேண்டாம், சுவர் தெரிந்தால் போதும்” என்று தாத்தா சொன்னாராம். அந்தப் படம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதனால் படமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தாத்தாவின் அந்த ஒரு படம் இல்லாவிட்டால் பாட்டிக்கு அந்தச் சுவர்கூடக் கிடைத்திருக்காது. நம் நாட்டிலேயே இந்தக் கலைக்குப் பெருமை சேர்த்தவர்கள் பலர் உண்டு. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி, 1858ஆம் ஆண்டு வாக்கில் மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு வந்து மதுரையையும் தஞ்சையையும் படம் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பல படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி ஒரே நீண்ட படமாக்கினார். ஒரு படத்துக்கு அவர் பட்ட பாட்டை நினைத்தால் 37 தரம் என் சடையை எடுத்த எனக்கு நாணம் வருகிறது.

பெண்களாகிய நாம் மறக்கக் கூடாத பெயர் ஒன்றும் உண்டு. ஹோமாய் வியாரவாலா இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். சேலை உடுத்திக்கொண்டு, கனமான கேமராவைச் சுமந்து, நாடு விடுதலை பெற்ற நாள்களைப் படம் பிடித்தவர். 1970ஆம் ஆண்டு அவர் இத்தொழிலையே விட்டுவிட்டார். புதிதாக வந்த புகைப்படக்காரர்கள் மரியாதையின்றி நடந்துகொண்ட விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. 2011இல் நாடு அவருக்குப் பத்ம விபூஷண் விருது தந்தது. படம் எடுப்பவருக்குக் கைத்திறனைப் போலவே நன்னடத்தையும் வேண்டும் என்பதற்கு அவரைவிடச் சான்று வேண்டுமா?

வெளியூர் போக முடியாத பெற்றோருக்காகவே தன் மகள் படம் எடுத்து வருகிறாள் என்று சில தாய்மார்கள் சொல்லலாம். உண்மைதான். என் பாட்டி படுக்கையில் இருக்கிறார்கள். நான் கொண்டுவரும் படங்கள்தாம் அவர்களுக்கு உலகம். ஆனால் அவர்கள் 412 படங்களைக் கேட்பதில்லை. ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “இந்த இடத்தில் காற்று எப்படி இருந்தது? யார் யார் இருந்தார்கள்? என்ன சாப்பிட்டாய்?” என்றுதான் கேட்கிறார்கள். அதற்குப் பதில் கேமராவில் இல்லை. பார்த்த கண்ணிலும் கேட்ட காதிலும்தான் இருக்கிறது.

ஆகவே நம் பள்ளிக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இது. அடுத்த சுற்றுலாவில் ஒவ்வொரு மாணவியும் எட்டுப் படங்கள் மட்டுமே எடுக்கலாம் என்று விதி வைக்கலாம். தாத்தாவின் பெட்டிக் கேமராவுக்கு இருந்த கணக்கு அதுதான். எடுக்கும் முன் ஒரு நிமிடம் சும்மா நின்று பார்க்க வேண்டும். மனிதரை எடுப்பதானால் அவரைக் கேட்க வேண்டும், மறுத்தால் வணக்கம் சொல்லி நகர வேண்டும். படத்தின் பின்னால் ஊர், நாள், அங்கிருந்தவர் யார் என்று எழுத வேண்டும். அனுப்புவதாகச் சொன்னால் அனுப்ப வேண்டும். சுற்றுலா முடிந்த ஒரு மாதத்துக்குள் அந்தத் தபால்களை வகுப்பாகச் சேர்ந்து அனுப்பலாம். தபால் செலவுக்கு ஆளுக்கொரு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டால் போதும்!

எட்டுப் போதுமா என்று கேட்பீர்கள். எட்டில் ஒன்று நன்றாக விழுந்தாலும் போதும் என்பேன். அறுபது ஆண்டுக்குப் பிறகு நமக்குத் தெரியாத யாரோ ஒருவர், அதன் ஓரத்தில் தம் ஊரையோ தம் தந்தையையோ தேடக்கூடும். அவர்களுக்காகவாவது நடுவில் நிற்கும் நாம் சற்று விலகி நிற்போம்.

தாத்தா கேட்ட படமா? எடுத்தேன். சிதைந்த அந்தச் சுவரின் முன்னால் பாட்டி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பின்னால் ஊரும் பெயரும் நாளும் எழுதியிருக்கிறேன்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி